லைஸாண்டர் விமானிகளை மறப்பதா?

டில்லிக்கு அருகே பாலம் என்னுமிடத்தில் இந்திய விமானப் படையின் பொருட்காட்சி சாலை ஒன்று இருக்கிறது. 1967-ம் வருஷத்தில் ஸ்தாபிக்கப்பட்ட அச்சாலைக்குச் செல்வோர், 1965, 1971 யுத்தங்களில் பெயர் பெற்ற சண்டை விமானங்களைக் கண்டு மகிழ்ந்து திரும்புகின்றனர். அவற்றுடன், உயரத்தில் அமைந்த நீண்ட சிறகுகளும், உள்ளே மடங்காத பருத்த சக்கரக் கால்களும் கொண்ட பழைய விமானம் ஒன்றும் அங்கே வைக்கப்பட்டிருக்கிறது. அதன் பெயர் லைஸாண்டர். எதிரி விமானங்களைத் துரத்தி வீழ்த்துவதற்காக அது செய்யப்படவில்லை. வானத்தில் மெதுவாகச் சுற்றி, கீழே நடப்பதைக் கண்டு, கண்டதைத் தரைப்படைக்கு அறிவிப்பதே அதற்கு விதிக்கப்பட்ட வேலை. சுருங்கச் சொன்னால் அது ஒரு வேவு விமானம்.

இவ்விமானத்தையும் இதில் பறந்த இந்திய விமானிகளையும் சுதந்திர இந்தியா ஞாபகத்தில் வைக்க வேண்டுமா என்ற கேள்விக்கு நம் நாட்டில் இரண்டு விதமான விடைகள் உண்டு. அன்னிய ஆட்சியின் கொடியின் கீழ் கூலிக்குப் பறந்தவர்களை நாம் ஏன் கொண்டாட வேண்டும் என்பது ஒரு கட்சி. வீரம் வீரமே, அது எந்தக் கொடியின் கீழ் நிகழ்ந்தது என்று விசாரிப்பது வீண் என்பது மற்றொரு கட்சி. முதற் கட்சியார் மறக்கச் சொல்கின்றனர். இரண்டாங் கட்சியார் பாதியை மட்டும் நினைக்கச் சொல்கின்றனர். இரண்டும் தவறு என்பதே எமது அபிப்பிராயம். காரணங்களை வாசகர்கள் முன் வைக்கிறோம்.

முதலில் விமானத்தைப் பற்றிச் சில வார்த்தைகள். இங்கிலாந்தில் யோவில் என்ற ஊரிலுள்ள வெஸ்ட்லண்டு தொழிற்சாலையில் உருவான லைஸாண்டர், 1936-ம் வருஷம் ஜூன் மாதத்தில் முதன்முதலாகப் பறந்தது. விமானி ஒருவர், அவருக்குப் பின்னால் துப்பாக்கியுடன் காவலிருப்பவர் ஒருவர், ஆக இருவர் அதில் செல்லலாம். அதன் அதிகபட்ச வேகம் மணிக்குச் சுமார் 210 மைல். ஆனால் அதன் பெருமை வேகத்தில் இல்லை. மெதுவாகப் பறப்பதில் இருந்தது. மணிக்கு 65 மைல் வரை வேகத்தைக் குறைத்தாலும் அது வானத்தில் நிலைத்து நிற்கும். சிறியதொரு புல்வெளி போதும், இறங்கவும் ஏறவும். சிறகு தலைக்கு மேலே இருந்தபடியால் கீழே உள்ள சாலை, பாலம், படை, பீரங்கி அனைத்தும் தடையின்றித் தெரியும். இரண்டு கம்பங்களுக்கு இடையே கட்டிய கயிற்றிலுள்ள கடிதத்தைத் தரையில் இறங்காமலே கொக்கியால் எடுத்துச் செல்லும் வித்தையும் அவ்விமானிகளுக்குப் பழக்கம்.

நியாய ஸ்தலங்களில் பழகியவர்கள், நேரில் கண்ட சாட்சிக்கும் பிறர் சொல்லக் கேட்ட சாட்சிக்கும் உள்ள வித்தியாசத்தை அறிவார்கள். யுத்த களத்தில் வேவு விமானி நேரில் கண்ட சாட்சி. அவன் இல்லாததைச் சொன்னால் ஒரு படை வீணாக அலையும். உள்ளதை மறைத்தால் ஒரு படை அழியும். அவனுடைய தர்மம், கண்டதைக் கண்டபடி சொல்லுவது. வெடிகுண்டு போட்டவனுக்குப் பதக்கம் கிடைக்கிறது. குண்டு எங்கே விழ வேண்டும் என்பதைப் பார்த்துச் சொன்னவனை ஊர் அறிவதில்லை. ஆபத்தோ அவனுக்கே அதிகம். 1940-ம் வருஷத்தில் பிரான்ஸில் ஜெர்மன் படைகள் புகுந்தபோது, பிரிட்டிஷார் அங்கு அனுப்பிய லைஸாண்டர்களில் நூற்றுக்கு மேற்பட்டவை அழிந்தன. மெதுவாகச் செல்வதாலேயே வேவுக்கு உதவிய விமானம், அதே காரணத்தால் சண்டை விமானங்களுக்கு எளிய இரையாயிற்று.

ஆயினும் பிரிட்டிஷார் அதை மறக்கவில்லை. பின்னாளில் நிலவொளியில் பிரான்ஸின் வயல்களில் இரகசியமாக இறங்கி, ஜெர்மானியரை எதிர்த்து வேலை செய்த ஒற்றர்களை இறக்கியும் ஏற்றியும் வந்த லைஸாண்டர்களின் கதை அங்கே சிறுவருக்கும் தெரியும். ஓல்டு வார்டன் என்ற ஊரிலுள்ள ஷட்டில்வொர்த் சேகரிப்பினர் ஒரு லைஸாண்டரைப் பறக்கும் நிலையிலேயே பாதுகாத்து வருகின்றனர். அவர்கள் ஞாபகம் வைத்திருப்பது அவர்களுடைய லைஸாண்டரை. நம்முடையதை நாம்தான் ஞாபகம் வைக்க வேண்டும். பிறர் வந்து நமக்காக அதைச் செய்யப் போவதில்லை.

நம்முடைய கதைக்கு வருவோம். இந்திய விமானப் படை 1932-ம் வருஷம் அக்டோபர் 8-ந் தேதி சட்டப்படி தோன்றியது. அதன் முதலாவது ஸ்குவாட்ரன் 1933-ம் வருஷம் ஏப்ரல் 1-ந் தேதி கராச்சியில் துவக்கப்பட்டது. நான்கு வாபிட்டி விமானங்கள், இங்கிலாந்தில் பயிற்சி பெற்ற ஒரு கை விரல்களால் எண்ணத்தக்க அதிகாரிகள், 'ஹவாயி சிப்பாய்'கள் என்று அழைக்கப்பட்ட சில யந்திரத் தொழிலாளர்கள், இவ்வளவே மூலதனம். வாபிட்டியும் தரைப்படைக்கு உதவும் வேவு விமானமே. ஆகவே, நம் விமானப் படை பிறந்தது சண்டை விமானத்தில் அல்ல, வேவு விமானத்தில் என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். முதல் விமானிகளில் அமர்ஜித் சிங், பூபேந்திர சிங் இருவரும் அந்த முதல் வருஷத்திலேயே விமான விபத்தில் மாண்டனர். மற்றொருவரான சுப்ரதோ முகர்ஜி 1954-ம் வருஷத்தில் விமானப் படையின் முதல் இந்தியத் தலைவரானார்.

அந்த வாபிட்டிகள் என்ன வேலைக்கு அனுப்பப்பட்டன? இங்கேதான் இரண்டாங் கட்சியார் கண்ணை மூடிக்கொள்கின்றனர். 1936 முதல் அவை பெஷாவர், மிரான்ஷா முதலிய இடங்களிலிருந்து வடமேற்கு எல்லைப்புறத்தில் பறந்தன. வஸீரிஸ்தானத்தில் இப்பி பக்கீரின் கிளர்ச்சியை அடக்க முனைந்த தரைப்படைக்கு அவை கண்ணாக இருந்தன. முதலில் எச்சரிக்கைத் துண்டுப் பிரசுரம், பிறகு கிராமத்தின் மீது வெடிகுண்டு என்பது அக்காலத்து எல்லைப்புற நீதி. உலக ஆயுதக் குறைப்பு மகாநாட்டில் 1933-ம் வருஷத்தில் விமானக் குண்டுவீச்சைத் தடை செய்யும் யோசனை வந்தபோது, தூரப் பிரதேசங்களில் 'போலீஸ் காரியங்களுக்கு' மட்டும் விலக்கு வேண்டும் என்று பிரிட்டிஷ் சர்க்கார் கேட்டதையும் சரித்திரம் குறித்து வைத்திருக்கிறது. கான் அப்துல் கபார் கான் அஹிம்சையைப் போதித்த அதே எல்லை மாகாணத்தின் வானத்தில், இந்திய இளைஞர்கள் ஏகாதிபத்தியத்தின் ஏவலின்படி பறந்தனர். இதை மறைத்து எழுதும் ஞாபகச் சின்னம் பொய்ச் சாட்சியேயாகும்.

நிற்க. 1939-ம் வருஷத்தில், இந்தியரின் சம்மதம் கேளாமலே இந்தியா யுத்தத்தில் இறங்கியதாக வைஸ்ராய் பிரகடனம் செய்தார். மாகாணங்களில் காங்கிரஸ் மந்திரி சபைகள் ராஜினாமாச் செய்தன. அத்தகைய வேளையில்தான், 1941-ம் வருஷத்தில், முதலாவது ஸ்குவாட்ரனுக்குப் பழைய வாபிட்டிகளுக்குப் பதிலாக லைஸாண்டர்கள் வந்தன. அவற்றை வாங்கிக் கொடுத்தது லண்டன் பொக்கிஷம் அல்ல. பம்பாயில் திரட்டப்பட்ட யுத்தக் கொடை நிதி. பன்னிரண்டு விமானங்கள் அந்நிதியிலிருந்து வாங்கப்பட்டன. யுத்த நிதி வசூல்களில் விருப்பம் எவ்வளவு, வற்புறுத்தல் எவ்வளவு என்ற வாதம் அன்றும் உண்டு, இன்றும் உண்டு. எப்படியாயினும், கொடுத்த பணம் இந்தியப் பணம். ஆதலால் அந்த லைஸாண்டர்கள் நம்முடையவை என்று உரிமை கொண்டாட நமக்கு நியாயம் இருக்கிறது.

அவ்விமானங்களுக்குத் தலைமை வகித்தவர் கருண் கிருஷ்ண மஜும்தார். கல்கத்தாவில் 1913-ம் வருஷம் பிறந்த இவர், உமேஷ் சந்திர பானர்ஜியின் தாய்வழிப் பேரர். 1885-ம் வருஷம் டிசம்பரில் பம்பாயில் கூடிய முதல் காங்கிரஸுக்கு அக்கிராசனம் வகித்த அதே பானர்ஜிதான். பாட்டனார் இந்தியரின் குரலை ஒரு சபையில் கூட்டி ஆரம்பித்து வைத்தார். பேரர், இந்தியன் விமானம் ஓட்டத் தகுதியற்றவன் என்ற ஏளனத்துக்கு வானத்தில் பதில் சொல்லப் போனார். ஒரே குடும்பத்தில் இரண்டு வழிகள் இவை. இரண்டில் ஒன்றை மட்டும் தேசத்தின் வழி என்று கூறிவிட்டு மற்றதை அழித்துவிடுவது அவ்வளவு சுலபமல்ல.

1942-ம் வருஷம் பிப்ரவரி மாதத் துவக்கத்தில் ஸ்குவாட்ரன் பர்மாவில் டௌங்கூ விமான நிலையம் சேர்ந்தது. சேர்ந்தவுடனேயே ஜப்பானிய விமானங்கள் அந்நிலையத்தைத் தாக்கின. நம்மவர் தம் விமானங்களைப் பிரித்து மறைவாக நிறுத்தியிருந்தபடியால் அவை தப்பின. மறைந்திருப்பது வேவு விமானத்துக்கு இழுக்கல்ல. ஆனால் மஜும்தார் அத்துடன் விடவில்லை. தமது லைஸாண்டரில் 250 ராத்தல் குண்டுகள் இரண்டைப் பொருத்தச் செய்து, தம் ஸ்குவாட்ரனிலிருந்து தாம் ஒருவராகவே ஸயாம் நாட்டில் மே ஹாங் ஸான் என்ற இடத்திலிருந்த எதிரி விமான நிலையத்துக்குத் தாழப் பறந்து சென்று, அங்கிருந்த விமானக் கொட்டகையைத் தாக்கித் திரும்பினார். மறுநாள் ஸ்குவாட்ரன் முழுவதுமே சென்றது. பார்ப்பதற்காகச் செய்யப்பட்ட விமானத்தைக் கொண்டு அடித்துக் காட்டிய இச்செயலைத்தான் இன்றும் பலர் எடுத்துப் பேசுகின்றனர்.

நாமோ அதற்குப் பிந்திய வாரங்களையே பெரிதாக எண்ணுகிறோம். லாஷியோ, மிங்கலாடான், மாக்வே என்று நிலையம் மாறி நிலையம் பறந்து, பின்வாங்கிக்கொண்டிருந்த தரைப்படைக்கு எதிரியின் நடமாட்டத்தைத் தினந்தோறும் அறிவித்தது அந்தச் சிறு ஸ்குவாட்ரன். மார்ச் 8-ந் தேதி ரங்கூன் வீழ்ந்தது. அம்மாதத்தில் விமானிகள் தாய்நாடு திரும்பினர். தோற்றுப் பின்வாங்கும் படைக்கு வேவு பார்ப்பது புகழ் தரும் வேலையல்ல. வெற்றி முரசு கொட்டும் புஸ்தகங்களில் அதற்குப் பக்கம் கிடையாது. ஆயினும், பார்க்கச் சொன்னதைப் பார்த்துவிட்டுத் திரும்பிவரும் நெஞ்சுறுதி, ஒரு நாள் தாக்குதலுக்கு வேண்டிய துணிச்சலைவிடக் குறைந்ததா? மஜும்தாருக்கு டி.எப்.ஸி. என்ற விருது கிடைத்தது. 1944-ல் அவர் ஐரோப்பா சென்று, நார்மண்டிப் போரிலும் வேவு விமானியாகவே பறந்து அதே விருதை மறுபடியும் பெற்றார். 1945-ம் வருஷம் பிப்ரவரி 17-ந் தேதி லாஹூரில் ஹரிகேன் விமான விபத்தில் உயிர் துறந்தார். சுதந்திர இந்தியாவைக் காண அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை.

விமானிகளைப் பற்றிப் பேசுகையில் தரையில் நின்ற தொழிலாளரை மறந்துவிடலாகாது. ஹர்ஜிந்தர் சிங் என்பவர் லாஹூர் மக்லேகன் எஞ்சினியரிங் கல்லூரியில் தேறியவர். அவர் படிப்புக்கு மேலான உத்தியோகங்கள் கிடைத்திருக்கும். அவரோ, இந்தியருக்கென்று ஏற்பட்ட விமானப் படையில் இந்தியர் கையாலேயே விமானம் பழுது பார்க்கப்பட வேண்டும் என்ற வைராக்கியத்தால், சாதாரண ஹவாயி சிப்பாயாகச் சேர்ந்தார். உதிரிப் பாகங்கள் எளிதில் கிடைக்காத பர்மாவில் லைஸாண்டர்கள் நாள்தோறும் எழும்பியதற்கு அவரும் அவருடைய சகாக்களும் காரணம். பின்னாளில் அவர் ஏர் வைஸ் மார்ஷல் பதவிக்கு உயர்ந்து, கான்பூரில் இந்திய விமானத் தயாரிப்புக்கு அஸ்திவாரமிட்டார். அங்கு அவர் உருவாக்கிய 'கான்பூர்-1' விமானம், 2023-ம் வருஷம் மே மாதம் சண்டிகாரில் திறக்கப்பட்ட விமானப் படை மரபு நிலையத்தில் வைக்கப்பட்டிருக்கிறது. இது வரவேற்கத்தக்கது. விமானிக்குச் சிலை வைத்து மெக்கானிக்கை மறக்கும் தேசம், யந்திரங்களை என்றைக்கும் விலைக்கு வாங்கியே காலம் தள்ள வேண்டியிருக்கும்.

தமிழ்நாட்டு வாசகர்களுக்கு இதில் என்ன சம்பந்தம் என்று கேட்போரும் இருக்கலாம். லைஸாண்டர்கள் பறந்த அதே பர்மா வானத்தின் கீழேதான், ரங்கூனிலும் ஐராவதிக் கரையிலும் வாழ்ந்த தமிழ் மக்கள் வீடு வாசல் இழந்து கால்நடையாகக் காடுகளையும் மலைகளையும் கடந்து வந்தனர். பர்மாவைவிட்டு வெளியேறிய இந்தியர் ஐந்து லட்சம் பேர் இருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள். வழியில் பசியாலும் நோயாலும் மாண்டவர் பல்லாயிரம். மற்றொன்றும் உண்டு. யுத்த காலத்தில் கடற்கரைகளைக் காக்க ஏற்பட்ட விமானப் பிரிவுகளில் முதலாவது, சென்னைக்கென்று பரங்கிமலையில் அமைந்தது. எல்லைப்புறத்தில் தேய்ந்த அதே வாபிட்டிகளைக் கொண்டு, வங்காள விரிகுடாவில் எதிரிக் கப்பல் வருகிறதா என்று அவர்கள் பார்த்துத் திரும்பினர். 1942-ம் வருஷம் ஏப்ரல் 6-ந் தேதி விசாகப்பட்டினத்தின்மீதும் காக்கிநாடாவின்மீதும் ஜப்பானியக் குண்டு விழுந்து, சென்னை நகரம் பீதியால் காலியான அந்த நாட்களில், நம் கடலுக்கு மேல் கண்ணாக இருந்தவை இப்பழைய வேவு விமானங்களே. பரங்கிமலையைக் கடந்து செல்லும் நம்மில் எத்தனை பேர் இதை அறிவோம்?

இனி, முதற் கட்சியாரின் ஆட்சேபத்துக்கு நேராகப் பதில் சொல்ல வேண்டும். இவர்கள் ஏகாதிபத்தியத்துக்குச் சேவகம் செய்தவர்கள் என்பது மெய். 1944-ம் வருஷத்தில் இம்பால் முனையில், அர்ஜன் சிங் தலைமையில் இதே முதலாவது ஸ்குவாட்ரன் ஹரிகேன் விமானங்களில் வேவு பார்த்தபோது, எதிர்ப்பக்கத்தில் ஜப்பானியருடன் நேதாஜியின் இந்திய தேசிய ராணுவமும் நின்றது. மலேயாவிலும் பர்மாவிலும் கூலி வேலை செய்த தமிழர் பலர் அந்த ராணுவத்தில் இருந்தனர். மேலிருந்து பார்த்தவனும் இந்தியன், கீழே நின்றவனும் இந்தியன். அடிமைத்தனம் ஒரு தேசத்துக்குச் செய்யும் கொடுமைகளில் இதைவிடப் பெரிது வேறில்லை. ஒருவனைத் தேசபக்தன் என்றும் மற்றவனைத் துரோகி என்றும் தீர்ப்பளித்துவிட்டால் விஷயம் எளிதாகிவிடும். ஆனால் அத்தீர்ப்பு நியாயமாகாது. இவர்களை எதிரெதிராக நிறுத்தியது இவர்களுடைய சுயேச்சையான தேர்வு மட்டுமன்று. தன் காரியத்தைத் தானே தீர்மானிக்கும் உரிமை இந்தியாவுக்கு இல்லாதிருந்த நிலைமை.

விமானப் படையினர் மனமற்ற யந்திரங்களாக இருந்தனர் என்பதும் மெய்யன்று. 1946-ம் வருஷம் பிப்ரவரியில் பம்பாயில் கடற்படை மாலுமிகள் கிளர்ந்தெழுந்தபோது, அவர்களுக்கு அனுதாபமாக இந்திய விமானப் படையினரும் வேலைநிறுத்தம் செய்தனர். லைஸாண்டர் காலத்து விமானிகளும் தொழிலாளரும் கற்ற வித்தை 1947-ம் வருஷத்தில் வீணாகவில்லை. அன்னியன் கப்பலேறியபோது, வானத்தைக் காக்க ஆள் வேண்டும் என்று நாம் எவரிடமும் கையேந்த நேரவில்லை. சுதந்திரத்தைப் பெற்றவர்கள் சிறைக்குச் சென்றவர்கள். பெற்ற சுதந்திரத்தைக் காக்கும் கருவிகளுள் சிலவற்றைப் பழகி வைத்திருந்தவர்கள் இவர்கள். முதலாமவருக்குரிய மரியாதையை இரண்டாமவருக்குக் கொடுக்க நாம் சொல்லவில்லை. அவரவருக்குரியதைக் கொடுக்க வேண்டும் என்றே சொல்லுகிறோம்.

பிரிவினை இந்த ஞாபகத்தையும் பிரித்தது. முதலாவது ஸ்குவாட்ரனின் உடைமைகள் பாகிஸ்தான் வசம் சென்றன. 1953-ம் வருஷத்தில்தான் அப்பெயரும் எண்ணும் இந்தியாவில் மீண்டும் உயிர் பெற்றன. இன்று அந்த ஸ்குவாட்ரன் குவாலியரில் மிராஜ் 2000 விமானங்களுடன் இருக்கிறது. முதல் விமானிகளில் ஒருவரான அவான் பாகிஸ்தானியரானார். ஆகவே இக்கதையின் ஒரு பகுதி டில்லியிலும், ஒரு பகுதி லாஹூரிலும் கராச்சியிலும், ஒரு பகுதி லண்டனிலும் சிதறிக் கிடக்கிறது. கண்ணால் கண்ட மனிதர்களோ அநேகமாக அனைவரும் காலமாகிவிட்டனர். அர்ஜன் சிங்கும் 2017-ம் வருஷத்தில் மறைந்தார். சாட்சிகள் போய்விட்ட வழக்கில் ஆவணங்களே கதி.

ஆதலால் செய்ய வேண்டியவை சில உண்டு. ராணுவ சரித்திர ஆவணங்களை ஒழுங்காகத் தொகுத்து, சாதாரணமாக இருபத்தைந்து வருஷங்களில் வெளியிடுவது என்ற கொள்கையை 2021-ம் வருஷத்தில் பாதுகாப்பு இலாகா அறிவித்தது. எழுபது, எண்பது வருஷங்களுக்கு முற்பட்ட ஸ்குவாட்ரன் தினசரிகளையும், விமானிகளின் பறப்புக் குறிப்பேடுகளையும் பொதுமக்கள் வாசிக்கும்படி செய்வதற்கு இனியும் என்ன தடை? அவற்றுள் இறந்தவர் குடும்பங்களின் பெட்டிகளில் உறங்குபவை பல இருக்கும். அவற்றைக் கேட்டுப் பெற்று, பிரதி எடுத்துக்கொண்டு, மூலத்தை மரியாதையுடன் திருப்பித் தரும் ஏற்பாடு வேண்டும்.

இரண்டாவது, விமானத்தின் அருகில் வைக்கும் பலகை. சிறகின் நீளமும் யந்திரத்தின் பலமும் மட்டும் எழுதினால் போதாது. யார் பணத்தில் வாங்கியது, யார் பறந்தார், யார் பழுது பார்த்தார், எந்தக் கொடியின் கீழ், யார்மீது பறந்தார் என்பதும் எழுதப்பட வேண்டும். இந்தியாவின் பல பாஷைகளிலும் எழுதப்பட வேண்டும். வாபிட்டியின் பலகையில் வஸீரிஸ்தானத்துக் கிராமங்களும் இடம் பெற வேண்டும். அதனால் விமானப் படையின் மானம் போய்விடாது. மறைப்பதால்தான் போகும்.

மூன்றாவது, பரங்கிமலையிலும், கடற்கரைக் காவல் பிரிவுகள் இருந்த மற்ற நகரங்களிலும் எளிய கல் ஒன்றாவது நாட்டப்பட வேண்டும். ஸ்தல ஸ்தாபனங்கள் மனம் வைத்தால் இது ஒரு மாத வேலை. பணமில்லை என்ற சமாதானம் செல்லாது. பழைய டைகர் மாத் விமானம் ஒன்று புதுப்பிக்கப்பட்டு 2012-ம் வருஷத்தில் மீண்டும் பறந்தது. பரசுராமன் என்று பெயரிடப்பட்ட டகோட்டா ஒன்று, தனி மனிதர் ஒருவரின் கொடையால் புதுப்பிக்கப்பட்டு 2018-ம் வருஷத்தில் விமானப் படை வசம் சேர்ந்தது. 1947 அக்டோபரில் ஸ்ரீநகரைக் காத்த டகோட்டாவுக்குக் கிடைத்த அன்பு, லைஸாண்டருக்கும் கிடைக்கட்டும்.

இவ்வளவும் கேட்பது பழம்பெருமை பேசிக் காலம் போக்குவதற்கன்று. தன்னைப் பற்றிய உண்மையைப் பார்க்க அஞ்சும் தேசம், எதிரியைப் பற்றிய உண்மையையும் பார்க்கத் தவறிவிடும். வேவு விமானியிடம் நாம் எதிர்பார்த்தது அலங்காரமல்ல. கண்டதைக் கண்டபடி சொல்லும் நாணயம். அவர்கள் அதை உயிரைப் பணயம் வைத்துச் செய்தார்கள். அவர்களைப் பற்றி எழுதும்போது நாமும் அந்த நாணயத்தைக் கடைப்பிடிப்போமாக. புகழ வேண்டியதைப் புகழ்ந்து, வருந்த வேண்டியதற்கு வருந்தி, ஒன்றையும் விடாமல் குறித்து வைப்பதே அவர்களுக்கு நாம் செலுத்தக்கூடிய மரியாதை.